நிரல் எழுதும் கணினிக்கு இரண்டாவது மானிட்டர் வாங்கும்போது கிராஃபிக்ஸ் கார்டும் கட்டாயம் வேண்டுமா?

சுவடித்துணை:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே இணையச் செயலிகள் எழுதிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். சில மாதங்களாக, பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பக்கங்களை ஓ.சி.ஆர். மூலம் உரையாக்கி, அந்த உரையை மூலப் பக்கத்தோடு வைத்துப் பார்த்துத் திருத்துவதற்கான ஒரு கருவியை உருவாக்கி வருகிறேன். இந்த வேலையில் ஸ்கேன் பக்கம், அதிலிருந்து வந்த உரை, நான் எழுதும் நிரல் ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் கண்முன் இருந்தாக வேண்டும். இப்போதுள்ள ஒற்றைத் திரையில் ஒன்றை மூடி மற்றொன்றைத் திறப்பதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடுகிறது. ஆகவே இன்னொரு மானிட்டர் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

என் கணினி 2020-இன் இறுதியில் வாங்கியது. இன்டெல் ஐ5-10400 புராசசர், எச்410 மதர்போர்டு, 16 ஜி.பி. ரேம், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (மின்வழங்கி) ஆகியவை இருக்கின்றன, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு பயன்படுத்துகிறேன். பின்புறத்தில் ஒரு வி.ஜி.ஏ., ஒரு எச்.டி.எம்.ஐ. என இரண்டு இணைப்புகள்தாம் உள்ளன. மதர்போர்டின் கையேட்டில் எச்.டி.எம்.ஐ.க்கு எதிரே 4096×2160, 30 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. இப்போதைய மானிட்டர் 21.5 அங்குல ஃபுல் எச்.டி.; அது கணினியோடு வந்த வி.ஜி.ஏ. கேபிளில்தான் இன்றுவரை ஓடுகிறது.

கடையில் விசாரித்தபோது, இரண்டு மானிட்டர் போட்டால் கணினி திணறும் என்றும், 8 ஜி.பி. நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் கார்டைச் சேர்த்து வாங்கினால்தான் சரிவரும் என்றும் சொன்னார்கள். எல்லாவற்றுக்குமாக என்னிடம் இருப்பது 35,000 ரூபாய். அவர்கள் சொன்ன கார்டை வாங்கினால் மானிட்டருக்கு மிஞ்சுவது மிகக் குறைவு என்பதால், 27 அங்குலத்தில் விலை மலிவான ஃபுல் எச்.டி. ஒன்றைத்தான் வாங்க முடியும். நான் கணினி விளையாட்டுகள் ஆடுவதில்லை. காணொளித் தொகுப்பும் செய்வதில்லை. இந்த நிலையில் பணத்தை எதில் போடுவது நல்லது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கரிசல்காடு:

வணக்கம் நண்பரே. நீங்கள் விவரங்களை முழுமையாகத் தந்திருப்பதால் உறுதியாகவே சொல்ல முடிகிறது: உங்களுக்கு இப்போது கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. அந்தப் பணம் முழுவதும் மானிட்டருக்குப் போகட்டும்.

இரண்டு திரைக்கு 8 ஜி.பி. வேண்டும் என்ற கூற்றை முதலில் பார்ப்போம். திரையில் தெரியும் ஒவ்வொரு பிக்சலுக்கும் நினைவகத்தில் 4 பைட்டு இடம் போதும். ஃபுல் எச்.டி. திரை என்றால் 1920×1080×4, அதாவது ஏறத்தாழ 8.3 எம்.பி.; 2560×1440 திரை என்றால் சுமார் 14.7 எம்.பி. இரண்டையும் சேர்த்தால் 23 எம்.பி. ஆகிறது. இயங்குதளம் அடுத்த காட்சியை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்ள இதைப் போல இரண்டு மூன்று மடங்கு எடுத்துக்கொண்டாலும் நூறு எம்.பி.யைத் தொடாது. உங்கள் புராசசருக்குள்ளேயே இருக்கும் யு.எச்.டி. 630 கிராஃபிக்ஸ் ஒரே நேரத்தில் மூன்று திரைகளை இயக்க வல்லது. 8 ஜி.பி. என்பது விளையாட்டுக்கோ இயந்திரக் கற்றலுக்கோ பேச வேண்டிய கணக்கு. நிரலும் உரையும் பார்ப்பவருக்கு அது பொருந்தாது. இதே ஐ5-10400-ஐ எஃப் என்ற எழுத்து ஒட்டிய வகையாக வாங்கியிருந்தீர்கள் என்றால் கதை வேறு. அதில் கிராஃபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டிருக்கும் என்பதால் கார்டு இல்லாமல் திரையே ஒளிராது. உங்களுடையது அப்படிப்பட்டதல்ல.

27 அங்குல ஃபுல் எச்.டி.யை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். எழுத்தோடு நாள் முழுவதும் புழங்குகிறவருக்கு மானிட்டரின் அங்குலத்தைவிட ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதே முக்கியம். உங்கள் பழைய 21.5 அங்குலத் திரையில் அந்த எண்ணிக்கை 102. அதே ஃபுல் எச்.டி.யை 27 அங்குலத்துக்கு இழுத்து விரித்தால் அது 82-க்கு இறங்கிவிடுகிறது. எழுத்து பெரிதாகத் தெரியும், ஆனால் விளிம்புகள் படிக்கட்டு போலத் தெரியும். கூடுதலாக ஒரு வரிகூடத் திரையில் அடங்காது. காசு கொடுத்து இருப்பதைவிட மோசமானதை வாங்கியது போலாகிவிடும்.

27 அங்குலத்தில் 2560×1440, அதாவது கியூ.எச்.டி. என்று கடைகளில் சொல்லப்படும் வகையை வாங்குங்கள். அதில் அங்குலத்துக்கு 109 பிக்சல். உங்கள் பழைய திரையின் 102-க்கு இது மிக நெருக்கம் என்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இரண்டு திரைகளிலும் எழுத்தளவை 100 விழுக்காட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு சாளரத்தை இங்கிருந்து அங்கே இழுத்தால் எழுத்து திடீரென்று பெருக்கவோ சிறுக்கவோ செய்யாது. இரண்டு திரைகளின் அடர்த்தி வெகுவாக மாறுபடும்போது உபுண்டுவில், குறிப்பாக எக்ஸ்11 என்னும் பழைய காட்சி முறையில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு வைப்பது சிரமமான வேலை.

கையேட்டிலிருந்து நீங்கள் எடுத்தெழுதிய அந்த ஒரு வரி மிகவும் பயனுள்ளது. 4கே (3840×2160) படத்தை நொடிக்கு 30 முறை அனுப்ப 297 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் வேகம் வேண்டும், உங்கள் எச்.டி.எம்.ஐ.யின் எல்லை அதுதான். 2560×1440 படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப ஏறத்தாழ 241 மெகாஹெர்ட்ஸ் போதும். ஆகவே கியூ.எச்.டி. மானிட்டர் உங்கள் இணைப்பில் 60 ஹெர்ட்ஸில் தாராளமாக ஓடும். பெட்டியின் மேல் 100 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் அந்த வேகம் இந்தக் கணினியில் வராது; நிரல் எழுத அது வேண்டியதும் இல்லை.

பேனல், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். வகையாக இருக்கட்டும். தாங்கி உயரம் மாற்றக் கூடியதாகவும், திரையை நெட்டுவாக்கில் திருப்பக் கூடியதாகவும் இருப்பது நல்லது. அது இல்லையென்றால் பின்பக்கத்தில் 100×100 மில்லிமீட்டர் வெசா துளைகளாவது (தாங்கி மாட்டுவதற்கான பொது அளவுத் துளைகள்) இருக்க வேண்டும், பின்னாளில் மானிட்டரைத் தாங்கும் கை ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்கேன் பக்கம் ஒன்றையும் தமிழ் உரைக் கோப்பு ஒன்றையும் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடைகளில் ஓடவிடும் வண்ணக் காணொளியில் எல்லா மானிட்டரும் அழகாகத்தான் தெரியும்.

பழைய மானிட்டர் வி.ஜி.ஏ.விலேயே இருக்கட்டும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால், திரை முழுவதும் எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மானிட்டரில் உள்ள தானியங்கிச் சரிசெய்தல் பொத்தானை அழுத்துங்கள். வெற்று மேசைத்திரையை வைத்துக்கொண்டு அழுத்தினால், எந்தப் பிக்சல் எங்கே தொடங்குகிறது என்று அதற்குச் சரியாகப் பிடிபடாது.

சுவடித்துணை:

மிக்க நன்றி. கணக்கோடு எழுதியது மனத்துக்குத் தெளிவைத் தந்தது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சி இருக்கின்றன. முதலாவது, 27 அங்குலத்திலேயே 4கே வாங்கினால் தமிழ் எழுத்துக்கு அது இன்னும் நன்றாக இருக்குமா? இரண்டாவது, ஓ.சி.ஆர்.க்கு நான் டெசராக்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். முந்நூறு பக்க நூல் ஒன்றை ஓட்டிவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அது வேகமாகுமா? அப்படியானால் கார்டுக்கும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று தோன்றுகிறது.

மூன்றுசுழி:

அன்புள்ள தம்பிக்கு வணக்கம். நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் காகிதத்தில், மீதிக் காலம் திரையில். கணினியின் உள்விவரங்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைப் போல நேர்க்கோடுகளால் ஆனதல்ல. மூன்று சுழி ‘ண’வுக்கும் இரண்டு சுழி ‘ன’வுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு சுழி. அந்தச் சுழியின் உள்வெளி, சிறிய எழுத்தில், ஓரிரு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. திரையின் அடர்த்தி குறைந்தால் அந்த வெளி அடைபட்டு, இரண்டும் கறுப்புத் திட்டாகிவிடும். ஓ.சி.ஆர். தரும் உரையில் அதிகம் வரும் குழப்பங்களோ இவைதாம்: ண, ன, காலும் ரகரமும், புள்ளி விழுந்த மெய்யும் புள்ளி உதிர்ந்த உயிர்மெய்யும். பழைய அச்சில் மை பரவி இருந்த இடத்தில், இது புள்ளியா, காகிதக் கறையா என்று கண்டுபிடிப்பதே திருத்துபவரின் அன்றாட வேலை. அதைச் செய்யும் திரையே ஐயத்தைக் கூட்டினால் திருத்துபவர் எதை நம்புவார்?

நான் இப்போது வைத்திருப்பது 27 அங்குல 4கே. அங்குலத்துக்கு 163 பிக்சல் என்கிறார்கள். எழுத்தளவை 150 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். அப்போது திரையில் கிடைக்கும் இடம் 2560×1440 திரையில் கிடைப்பதற்குச் சமம், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் அச்சில் பார்ப்பது போல நிற்கிறது. மாலையில் கண் எரிச்சல் குறைந்ததை முதல் வாரத்திலேயே உணர்ந்தேன். ஆகவே கையில் வசதி இருந்தால் 4கேயைத்தான் நான் சொல்வேன். கரிசல்காடு ஐயா இதில் மாறுபடக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. மானிட்டரை நெட்டுவாக்கில் திருப்பிப் பாருங்கள். புத்தகப் பக்கம் நெட்டானது, திரை குறுக்கானது. இந்த முரண்பாட்டோடு நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? நம் ஊர்ப் புத்தகங்களில் பெரும்பகுதி டெமி அளவு, ஏறத்தாழ ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் 1650×2550 பிக்சல் வரும். 1440×2560 என்று திருப்பி நிறுத்திய திரையில், ஓரத்து வெற்றிடத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டால், அந்தப் பக்கம் சுருக்கமே இல்லாமல் முழுதாக அமர்ந்துவிடும். உங்கள் இப்போதைய 1080 பிக்சல் உயரத் திரையில் அதையே முழுப் பக்கமாகக் காட்ட வேண்டுமானால் பாதிக்கும் கீழாகச் சுருக்க வேண்டியிருக்கும்.

ஒப்பிடும்போது ஸ்கேனை இடப்பக்கமும் உரையை வலப்பக்கமும் வைப்பதைவிட, நெட்டுத் திரையில் ஸ்கேனை மேலேயும் உரையைக் கீழேயும் வைப்பதே எனக்கு நன்றாக ஒத்துவருகிறது. வரியின் நீளம் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கண் நேர்கீழாக இறங்கினால் போதும். பக்கவாட்டில் தாவும்போதுதான் வரி தவறுகிறது. உங்கள் கருவியில் இந்த அமைப்பையும் சேர்த்தால் திருத்துபவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கரிசல்காடு:

மூன்றுசுழி ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. எழுத்துக்கு 4கே மேலானதுதான். ஆனால் இந்தக் கணினியின் எச்.டி.எம்.ஐ.யில் 4கே 30 ஹெர்ட்ஸில்தான் ஓடும். அந்த வேகத்தில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே 33 மில்லிநொடி ஆகிறது. சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி கைக்குப் பின்னால் இழுபட்டு வரும். நிரலை மேலும் கீழும் உருட்டும்போது எழுத்து விட்டுவிட்டுத் தெரியும். ஒருநாள் பொறுத்துக்கொள்ளலாம், தினமும் எட்டு மணி நேரம் முடியாது.

4கேதான் வேண்டும் என்றால், டிஸ்பிளேபோர்ட் 1.4 என்ற இணைப்பு உள்ள சிறிய கார்டு ஒன்று கூடவே வர வேண்டும். எடுத்துக்காட்டாக ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6400 கார்டில் ஒரு டிஸ்பிளேபோர்ட், ஒரு எச்.டி.எம்.ஐ. என்று இரண்டு இணைப்புகள் உண்டு. 53 வாட்தான் எடுக்கும் என்பதால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் வேண்டாம். டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. விலை மலிவு என்று ஜி.டி. 710 போன்ற பழைய கார்டை யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். அதிலும் 4கே 30 ஹெர்ட்ஸ்தான், உங்கள் மதர்போர்டு இப்போதே தருவதைவிட அது எதையும் கூடுதலாகத் தராது. ஜி.டி. 1030-இல் 4கே 60 ஹெர்ட்ஸ் வரும், ஆனால் அது என்விடியாவின் பாஸ்கல் என்ற பழைய தலைமுறையைச் சேர்ந்தது. அந்தத் தலைமுறைக்கு 580 வரிசை டிரைவரே கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. புதிதாக வாங்கும் பொருள் அப்படித் தொடங்கக் கூடாது.

எண்ணும்எழுத்தும்:

ஓ.சி.ஆர். பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பட உணர்வு மாதிரிகளைப் பயிற்றுவிப்பதே என் தொழில்.

டெசராக்டுக்காகக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் அந்தப் பணம் வீண். 2018-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து அது நரம்பு வலையமைப்பைத்தான் பயன்படுத்துகிறது என்றாலும், எழுத்தை உணர்வதும் சரி, பயிற்சியும் சரி, எல்லாம் புராசசரில்தான் நடக்கின்றன. எவ்வளவு பெரிய கார்டை மாட்டினாலும் அது சும்மாதான் இருக்கும்.

செலவே இல்லாமல் வேகத்தைக் கூட்ட வேறு வழி இருக்கிறது. இயல்பாக டெசராக்ட் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு அதைப் பல இழைகளாகப் பிரித்துச் செய்யப் பார்க்கும். இப்படிப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் நேரம் நிறைய வீணாகிறது. இப்படி இழைகளாகப் பிரிக்க அது பயன்படுத்தும் ஓப்பன்எம்பியின் இழை வரம்பைக் குறிக்கும் சூழல் மாறியை 1 என்று அமைத்துவிட்டு, உங்கள் புராசசரில் ஆறு கோர்கள் இருப்பதால் ஆறு பக்கங்களை ஒரே சமயத்தில் தனித்தனி ஓட்டங்களாக விடுங்கள். முந்நூறு பக்க நூல் முடியும் நேரம் கண்கூடாகக் குறையும். இதற்கு உங்கள் நிரலில் நாலைந்து வரி மாற்றம் போதும்.

கார்டு எப்போது தேவைப்படும் என்றால், பைடார்ச் போன்ற இயந்திரக் கற்றல் மென்பொருள் ஒன்றில் உங்கள் பழைய அச்செழுத்துகளுக்கென்றே சொந்தமாக ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்க நினைக்கும்போதுதான். அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி கார்டின் வேகத்தைப் பற்றியதல்ல, நினைவகத்தைப் பற்றியது. பத்துக் கோடி அளவுருக்கள் (பயிற்சியில் திருத்தப்படும் எண்கள்) உள்ள மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அளவுருவுக்கும் அதன் மதிப்பு, அதை எந்தப் பக்கம் எவ்வளவு மாற்றுவது என்று காட்டும் சரிவு, ஆடம் என்னும் பயிற்சி முறை வைத்துக்கொள்ளும் இரண்டு சராசரிகள் என நான்கு எண்களை, எண்ணுக்கு 4 பைட்டு வீதம், வைத்திருக்க வேண்டும். அதற்கே 1.6 ஜி.பி. ஆகிவிடும். அதற்கு மேல் பக்கப் படங்களும் இடைநிலைக் கணக்குகளும் எடுக்கும் இடம் இதைவிடப் பல மடங்கு. அதனால்தான் இந்த வேலைக்கு 12 ஜி.பி. உள்ள ஆர்.டி.எக்ஸ். 3060-ஐப் பலரும் இன்றும் தேடுகிறார்கள். என்விடியாவாக இருப்பதற்கும் காரணம் உண்டு: இந்தத் துறையின் மென்பொருள்களில் பெரும்பாலானவை முதலில் கூடா (CUDA) என்ற என்விடியாவின் மென்பொருள் தளத்துக்குத்தான் எழுதப்படுகின்றன. கரிசல்காடு சொன்ன ஆர்.எக்ஸ். 6400 திரைகளை இயக்க நல்ல கார்டு, பயிற்சிக்கு உதவாது. ஏ.எம்.டி.யின் அதே போன்ற தளமான ராக்எம் அதை அதிகாரபூர்வமாக ஆதரிக்கவில்லை.

ஆனால் 3060 வந்தால் கூடவே வேறு செலவுகளும் வரும். அது 170 வாட் எடுக்கும். 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. உங்களிடம் இருப்பது 450. வீட்டில் 600 வி.ஏ. யு.பி.எஸ். வைத்திருந்தால் அது பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பயிற்சி ஓடும்போது மின்சாரம் போனால் அது கைகொடுக்காமல் போகலாம். லினக்ஸில் என்விடியா டிரைவர் கெர்னலுக்கு வெளியே தனியாக இருப்பதால், செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்த பின்பே மென்பொருளை ஏற்றும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் அதற்கான சாவியைப் பதிவு செய்யும் நீலத் திரை ஒன்று மறுதொடக்கத்தின்போது வரும். அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டால் டிரைவர் ஏறாது. இவற்றையெல்லாம் இப்போதே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். முதலில் கூகுள் கோலாப் என்ற இணையச் சேவையில் இலவசமாகக் கிடைக்கும் கார்டில் சில நூறு வரிப் படங்களை வைத்துப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். அது பலன் தருகிறது, வாரம் முழுவதும் ஓட்ட வேண்டியிருக்கிறது என்ற நிலை வந்தால் அன்று கார்டு வாங்குங்கள். அதற்குள் உங்கள் கருவியில் திருத்தப்பட்ட பக்கங்கள் சேர்ந்திருக்கும். நல்ல பயிற்சித் தரவு இல்லாமல் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

சுவடித்துணை:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

27 அங்குல கியூ.எச்.டி. ஐ.பி.எஸ். மானிட்டர் ஒன்றை, திருப்பக்கூடிய தாங்கியோடு வாங்கினேன். கார்டு வாங்கவில்லை. கடையில் பென் டிரைவைக் கொடுத்து, என்னுடைய ஸ்கேன் பக்கம் ஒன்றை இரண்டு மானிட்டர்களில் அருகருகே திறக்கச் சொன்னேன். ‘கண்ணன் எண்ணினான்’ என்ற வரியை, 27 அங்குல ஃபுல் எச்.டி.யில் பார்த்துவிட்டு கியூ.எச்.டி.யில் பார்த்தபோது வேறு விளக்கமே தேவைப்படவில்லை. வீட்டில் எச்.டி.எம்.ஐ.யில் செருகியதும் 2560×1440, 60 ஹெர்ட்ஸ் தானாகவே வந்தது.

மூன்றுசுழி ஐயா சொன்னபடி நெட்டுவாக்கில் திருப்பிவிட்டேன். முதலில் தாங்கியை முழு உயரத்துக்கு ஏற்றாமல் திருப்பியதில் திரையின் மூலை மேசையில் இடித்தது. நல்லவேளையாகச் சேதம் இல்லை. கேபிளும் நீளம் போதாமல் இழுத்துக்கொண்டு நின்றதால் இரண்டு மீட்டர் கேபிள் வாங்கினேன். திருப்பியபின் எழுத்தின் விளிம்பில் மெல்லிய வண்ணக் கசிவு தெரிந்தது. பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் பக்கவாட்டில் இருப்பதாக எண்ணிக்கொண்டுதான் கணினி எழுத்தை வரைகிறது, திருப்பினால் அவை மேல்கீழாகிவிடுகின்றன என்று தேடிப் பார்த்ததில் தெரிந்தது. எழுத்து மென்மையாக்கத்தைச் சாம்பல் நிற முறைக்கு மாற்றியதும் கசிவு மறைந்துவிட்டது. இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

எண்ணும்எழுத்தும் அக்கா சொன்ன இழை மாற்றத்தை அன்றிரவே செய்தேன். முன்பு படுக்கப் போகும்போது ஓட்டிவிட்டுக் காலையில் பார்க்கும் நூல், இப்போது சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. மீதிப் பணத்தில் இன்னொரு 16 ஜி.பி. ரேம் சேர்த்திருக்கிறேன். ஸ்கேன் மேலே, உரை கீழே என்ற அமைப்பைக் கருவியில் எழுதத் தொடங்கிவிட்டேன். ஸ்கேனில் ஒரு வரியைத் தொட்டால் கீழே அதே வரி தானாக நடுவுக்கு வர வேண்டும், அந்தப் பகுதி மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை.